சிவப்பு தெளிவா, பச்சை தெளிவா?

சில பேர் ஞானப்பல் இல்லாமல் பிறப்பதுபோல, நிஷ்பட்சம் சார் அபிப்பிராயமே இல்லாமல் பிறந்தவர் என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சத்தியமாக நம்பினேன். அதுவும் திருவனந்தபுரத்தில்! இந்த ஊரில் பழம்பொரி போடுபவர்கூட மாவைக் கரைக்கும் நேரத்தில் மந்திரிசபையைக் கவிழ்த்து, எண்ணெய் காய்வதற்குள் புதிதாக ஒன்றை அமைத்துவிடுவார். இங்கே ஒருவர் அபிப்பிராயமில்லாமல் நடமாடுவது விழிஞ்ஞம் மீன் ஏலத்தில் சைவப் பூனை நடமாடுவதற்குச் சமம்.

நிஷ்பட்சம் என்றால் மலையாளத்தில் எந்தப் பக்கமும் சாராமை; அது நாங்கள் வைத்த பட்டப்பெயர். அவருடைய சொந்தப் பெயர் அறைக்கதவில் பலகையாகவே தொங்கியது. அதை யாரும் படித்ததில்லை. பலகை எழுதியவருக்கே மறந்திருக்கும்.

நான் சாலைக் கடைவீதியில் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி கொடுப்பவன். பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். எங்கள் தொழிலுக்கு ஒரு கவுன்சில் உண்டு. எங்களைப் பதிவு செய்வதும், தப்பு செய்தால் பதிவைப் பிடுங்குவதும் அதன் வேலை. பதிவு போய்விட்டால் அதே கடையில் நான் ஊதுபத்தி விற்கலாம்; யாருடைய கண்ணையும் உற்றுப் பார்க்க முடியாது. அந்தக் கவுன்சிலின் ரிஜிஸ்ட்ரார்தான் நிஷ்பட்சம் சார். முத்திரை அவர் மேசையில். எங்கள் பிழைப்பு அந்த முத்திரையில்.

அவருடைய ஆபீசுக்குள் நுழைந்தால் மழைக்கால மேகத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். திரைச்சீலை சாம்பல். நாற்காலி சாம்பல். கோப்புகளைக் கட்டும் சிவப்பு நாடாவைக்கூட விடவில்லை. வெள்ளை நாடாவாக மாற்றிவிட்டார். ஜன்னலோரம் பூத்துக்கொண்டிருந்த செம்பருத்தித் தொட்டி ஒருநாள் காம்பவுண்டுக்கு வெளியே போனது. பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் சும்மா விடப்படும் என்று நினைத்தோம். மறுநாள் அதுவும் வெளியே போனது, 'பச்சை' என்ற குற்றத்துக்காக.

இங்கே கட்சிக்குக் கட்சி பத்திரிகை உண்டு. அவர் எல்லாவற்றையும் வாங்குவார். இன்று மேலே இருக்கும் பத்திரிகை நாளை அடியில் போய்விடும். ஒன்றைப் படிக்கும்போது புன்னகை வந்துவிட்டால், நியாயம் கருதி அடுத்த பத்திரிகைக்கும் ஒருமுறை புன்னகைத்துவிட்டுத்தான் மடித்து வைப்பார்.

இடது, வலது என்ற சொற்கள் அவர் வாயில் வராது. ஒருமுறை அவரோடு ஆட்டோவில் போனேன். திருப்பம் வந்தபோதெல்லாம், "அந்த தண்ணி டாங்கு பக்கம் போகட்டே", "அந்த பாங்கு பக்கம் போகட்டே" என்றே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு திருப்பத்தில் அடையாளம் சொல்ல ஒன்றுமே இல்லை. மனிதர் தவித்துப்போனார். ஆட்டோக்காரர் வண்டியை நடுரோட்டில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"சாரே, ஹாண்டிலுக்கு ரெண்டு சைடு உண்டு. சாருக்கு ஒண்ணும் இல்லே?"

நிஷ்பட்சம் சார் இறங்கி, கூலியைக் கொடுத்துவிட்டு, மீதி தூரத்தை நடந்தே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

அவரும் எங்கள் நாஞ்சில் நாட்டுக்காரர்தான், பூதப்பாண்டிப் பக்கம். ஆனால் கவுன்சில் கேட்டுக்குள் இருக்கும்வரை என்னிடம் ஒரு சொல் தமிழ் வராது. "எந்தா காரியம்? இரிக்கு" என்று மலையாளத்தில் உட்காரச் சொல்வார், என்னை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவர்போல. சாயங்காலம் கேட்டைத் தாண்டி ஒரு கால் வெளியே வைத்ததும் அதே வாய் திறக்கும்: "என்னவே கண்ணாடி, ஊருக்குப் போயிருந்தீராம்லா? அங்க மழ உண்டா?"

கண்ணாடி என்பது நான்.

ஒருநாள் அவர் ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே என்று நின்ற சமயம் பார்த்து, "அண்ணாச்சி, நம்ம புதுப்பிக்குற மனு என்னாச்சு?" என்று கேட்டுவிட்டேன். வெளியே வைத்த காலை உள்ளே இழுத்துக்கொண்டு, "அது பரிசீலனையிலாணு" என்றார். பிறகு காலை மறுபடி வெளியே வைத்து, "பொறவு, வீட்ல எல்லாரும் சொகந்தானா?" என்றார்.

எதற்கு இந்தப் பாடு என்று கேட்டதற்கு அவர் சொன்னது இது: "உள்ள வச்சு நான் உம்மகிட்ட தமிழ் பேசினா, வராந்தாவுல நிக்கவன் என்ன நெனப்பான்? தமிழனுக்குத் தமிழன் சீல் குத்திக் குடுக்கான்னு நெனப்பானா, மாட்டானா? அவன் நெனச்சிட்டாலே அந்த சீல் செத்துப்போச்சுவே."

என் கடைக்குக் கண் சோதிக்க வருவார். வந்தால் எனக்குக் கொண்டாட்டம்தான். எங்கள் சோதனையில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. பாதி சிவப்பு, பாதி பச்சையாக ஒரு வெளிச்சப் பலகையைக் காட்டி, "எழுத்து சிவப்புல தெளிவா இருக்கா, பச்சையில தெளிவா இருக்கா?" என்று கேட்போம். ஏதாவது ஒரு பக்கம் தூக்கலாகத் தெரிந்தால் பவரைக் கொஞ்சம் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இரண்டும் சமமாகத் தெரிந்தால் பவர் சரி.

"அண்ணாச்சி, செவப்பா? பச்சையா?"

"ரெண்டும் ஒண்ணுபோல."

"நல்லாப் பாத்துச் சொல்லணும்."

"ரெண்டும் ஒண்ணுபோலதான்வே."

ஒவ்வொரு முறையும் இதே பதில். கண் சோதிப்பவன் காதில் தேன் பாய்கிற பதில் அது. சோதனை முடிந்தது, பவர் அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கவுன்சிலுக்குப் புதிய பிரசிடென்ட் வந்தார். ஒரு கட்சியில் தீவிரமான மனிதர். எங்களைப் போலக் கண் சோதிப்பவர்தான். ஆனால் கண்ணைச் சோதித்ததைவிட மேடையில் மைக்கைச் சோதித்ததே அதிகம். வந்த வேகத்தில், தம் கட்சித் தலைவர் ஊருக்கு வரும் நாளில் கவுன்சில் பெயரில் ஒரு வரவேற்பு ஃப்ளெக்ஸ் வைக்க வேண்டும், பதிவு பெற்ற எல்லோரும் கடைக்கு முன்னால் தலைவர் படம் வைக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். நிஷ்பட்சம் சார் அதை வாசித்தார். முத்திரையை எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கையில் அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கவுன்சிலுக்குக் கண்ணைத்தான் தெரியும், சாரே. கட்சியைத் தெரியாது" என்றாராம்.

ஃப்ளெக்ஸ் வைக்கப்படவில்லை. இந்த மாதிரிச் சமாச்சாரம் கிடைத்தால் என் வாய் சும்மா இருக்குமா?

எங்கள் தொழில்காரர்களின் ஓணக் கொண்டாட்டத்தில் வருஷாவருஷம் மிமிக்ரி செய்வது நான்தான். அந்த வருஷம் அந்தத் தலைவரின் குரலை எடுத்துக்கொண்டேன். தலைவர் என்னிடம் கண் சோதிக்க வருகிறார். தூரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்கிறேன். "அடுத்த தேர்தல் நன்றாகத் தெரிகிறது. அதற்கடுத்த தேர்தலும் தெரிகிறது" என்கிறார். சரி, பக்கத்தில்? "பக்கத்தில் என்ன இருக்கிறது?" என்று எழுந்தவர், என் கடைவாசல் ரோட்டுக் குழியில் தொபீரென்று விழுகிறார். இவ்வளவுதான் நகைச்சுவை. கைதட்டல் பலமாக இருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் செல்போனில் பிடித்திருக்கிறார். பாயசம் இலையை அடைவதற்குள் அது ஊரையெல்லாம் அடைந்துவிட்டது.

சில நாள் கழித்து நிஷ்பட்சம் சாரிடமிருந்து போன். கேட்டுக்கு வெளியே இருந்துதான் கூப்பிடுவார் என்பதால் போனில் அவர் எப்போதும் தமிழ்தான். அன்று வந்தது மலையாளம். தொழிலுக்கு அவமதிப்பு உண்டாக்கியதாக உங்கள்மேல் புகார் வந்திருக்கிறது, விசாரணைக்கு ஹாஜராக வேண்டும். வைத்துவிட்டார்.

புகார் அதிர்ச்சி இல்லை. அந்த மலையாளம்தான் அதிர்ச்சி. மனிதர் என்னைக் கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டார்!

முதல் காரியமாகக் கடையிலிருந்த சிவப்பு ஃபிரேம்களை எல்லாம் உள்ளே கொண்டுபோனேன். கணக்குப் பார்க்கக் கடைக்கு வந்திருந்த மனைவி இடுப்பில் கைவைத்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"செவப்பு மட்டும் உள்ள போனா போதுமா? பச்ச?"

"அதும் போட்டும்."

"இந்தக் காவி?"

"அத பிரவுனுன்னு சொல்லித்தான் விக்கேன். இருந்தாலும் எடுத்திரு."

அவள் காய்கறிப் பையைத் திறந்து காட்டினாள். "அப்ப இந்தத் தக்காளிய என்ன செய்யட்டும்? வெள்ளையடிச்சிக் கொளம்பு வைக்கட்டா?"

நான் சிரிக்கவில்லை. சிவப்பு பச்சைப் பலகையைப் பழுப்புக் காகிதம் ஒட்டி மறைத்தேன். கடையில் கறுப்பு ஃபிரேம் மட்டும்தான் மிச்சம். கல்லூரிப் பெண் ஒருத்தி வந்து நீலம் இருக்கிறதா என்று கேட்டாள். நீலம் எந்தக் கட்சி என்று யோசித்துக்கொண்டு நின்றதில் அவள் போய்விட்டாள்.

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். உடைந்த தேங்காய் எந்தப் பக்கம் தெறித்தது என்று குனிந்து பார்த்ததில் பின்னால் நின்றவர் எறிந்த தேங்காய் என் காதோரமாகப் போனது. தமிழ்நாட்டு எல்லையான களியக்காவிளையைத் தாண்டிவிட்டால் இந்தக் கவுன்சில் என்னை என்ன செய்யும் என்று கணக்குப் போட்டேன். ஒன்றும் செய்யாது, ஆனால் அங்கே என் பதிவும் செல்லாது. மன்னிப்பு உரையைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் மனப்பாடம் செய்து மனைவிமுன் நடித்துக் காட்டினேன்.

"இங்கிலீஷ்ல நல்லா அழுதிய" என்றாள். அப்புறம் குரல் இறங்கி, "கடையத் தூக்கிருவாங்களா?" என்று கேட்டாள். அவள் கேலி செய்யாமல் கேட்ட அந்த ஒரு கேள்வியில்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. எங்கள் வீட்டில் அரிசி வருவது அந்த ஒரு கடையிலிருந்துதான்.

விசாரணைக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் போனேன். பிரசிடென்ட் நடுவில், இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், ஓரத்தில் நிஷ்பட்சம் சார். அங்கே நடந்தது எல்லாம் மலையாளம். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

நான் எழுந்து, "மதிப்பிற்குரிய..." என்று கண்ணில் நீரை வரவழைக்கத் தொடங்கியதுமே நிஷ்பட்சம் சார் கையைக் காட்டினார். "நீங்கள் பேசும் கட்டம் இன்னும் வரவில்லை. இருங்கள்."

பாதி வந்த கண்ணீரை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்தேன்.

அவர் பிரசிடென்டைப் பார்த்துக் கேட்டார். "இவர் யாருக்காவது தப்பான பவர் எழுதிக் கொடுத்தாரா?"

"இல்லை. ஆனால்..."

"கண் சோதிக்க வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, அரசியல் பேசி இம்சை செய்தாரா?"

"அதில்லை..."

"கவுன்சில் பெயரிலோ முத்திரையிலோ இதைச் சொன்னாரா?"

பிரசிடென்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "தொழிலின் மானம் போயிருக்கிறது! நாடே மதிக்கும் தலைவரைக் குழியில் தள்ளியிருக்கிறார்! இதைப் பார்த்துக்கொண்டு கவுன்சில் சும்மா இருந்தால், கவுன்சில் அந்தப் பக்கம் என்று ஆகாதா?"

"இவரைத் தண்டித்தால் கவுன்சில் இந்தப் பக்கம் என்று ஆகும்."

"ரிஜிஸ்ட்ரார் யாருடைய ஆள் என்று எனக்கு இப்போது தெரிய வேண்டும்!"

இரண்டு உறுப்பினர்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள். நிஷ்பட்சம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சார் பிரசிடென்ட் ஆவதற்கு முன்னால் கிழக்கேகோட்டையில் ஒரு கூட்டத்தில் பேசினீர்கள். எதிர்க்கட்சித் தலைவருக்குக் கண்ணே இல்லை என்றீர்கள். அவருடைய ஆட்கள் சார்மேலும் இங்கே புகார் கொடுத்தார்கள். இது ரோட்டில் பேசியது, ரோட்டிலேயே பதில் சொல்லிக்கொள்ளுங்கள், கவுன்சிலுக்கு வேலையில்லை என்று நான்தான் திருப்பி அனுப்பினேன். சாருக்கு அது தெரிந்திருக்காது. இவரை இன்று விசாரிக்கலாம் என்றால் அன்று அனுப்பியதும் தப்பு. இரண்டையும் சேர்த்து எடுக்கலாம். முதலில் சாருடையதை எடுக்கட்டுமா?"

பிரசிடென்டின் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்திராத ஒரு நிறம் வந்தது. எந்தக் கட்சிக்கும் அந்த நிறம் கிடையாது. ஒரு உறுப்பினர் இருமினார். அது சிரிப்பாகவும் இருக்கலாம். புகார் தள்ளுபடி ஆனது. என் மூன்று மொழி மன்னிப்பு வீணாயிற்று.

கேட்டுக்கு வெளியே காத்துக்கொண்டு நின்றேன். காலில் விழுவதாகவே தீர்மானம். சாயங்காலம் அவர் வந்தார். ஒரு கால் வெளியே வைத்தார். இரண்டாவது காலும் வெளியே வந்தது. நான் குனிந்தேன். அவர் குடையை விரித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். தமிழும் இல்லை, மலையாளமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: "அது மனுஷனே இல்ல. ஒரு தராசு. நம்மள ஒரு தட்டுல போட்டு நிறுத்தாரு. சரியா இருந்தோம். எறக்கி வச்சிட்டாரு. அவ்ளோதான்."

"தராசுன்னாலும் நமக்குச் சோறு போட்ட தராசு" என்றாள் அவள். அன்று சிவப்புத் தக்காளிக் குழம்பு.

அதற்குச் சில மாதங்களில் அவர் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் எல்லோரையும் அகர வரிசையில் சமமாகப் பாராட்டினார். பிரசிடென்டையும் என்னையும் ஒரே அளவு. கேட்டைத் தாண்டிப் போனார்.

இனிமேல் நான் எழுதப்போவதை எனக்கே இன்னமும் நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம் நான் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். செக்ரட்டேரியட்டுக்குச் சற்று முன்னால், ஸ்டாச்சுவில், வழக்கம்போல ஒரு ஊர்வலம் மறித்துக்கொண்டது. கொடிகள், கோஷங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். முதல் வரிசையில், தலையைவிட உயரக் கொடியைப் பிடித்தபடி, கழுத்து நரம்பு புடைக்க, "ஜிந்தாபாத்! ஜிந்தாபாத்!" என்று அலறிக்கொண்டு போனவர் நிஷ்பட்சம் சார்.

முதலில் ஜாடையில் ஒத்த ஆள் என்று நினைத்தேன். இல்லை, அதே கண்ணாடி, நான் கொடுத்தது. ரோட்டைக் கடக்க வந்தவர் ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். கொடியோடு யார் ரோட்டைக் கடக்கிறார்கள்? சமநிலை கருதி நாளைக்கு அடுத்த கட்சி ஊர்வலத்துக்கும் போவார் என்று நினைத்தேன். அந்தக் குரல் அப்படிப்பட்ட குரல் இல்லை. வருஷக்கணக்கில் மூடிவைத்த சோடா உடைந்த குரல். பஸ்ஸிலிருந்து குதித்தேன். கூட்டத்தோடு கூட்டமாக அவர் பக்கத்தில் ஓடினேன்.

"அண்ணாச்சி! இது என்னது!"

"பாத்தாத் தெரியலியா? ஊர்வலம்வே."

"நீங்க... கட்சிக்காரரா?"

"காலேஜ்ல படிக்கச்சில இருந்து. இந்த எடத்துல வச்சு போலீஸ்காரன் மண்டைய ஒடச்சான். பாக்கேரா தழும்ப?" கொடியை ஒரு கையில் மாற்றிக்கொண்டு முடியை விலக்கிக் காட்டினார். "சீலு கைக்கு வந்த அன்னைக்குக் கொடியக் கீழ வச்சேன். ரெண்டையும் ஒரே ஆளு பிடிக்கப்பிடாதுவே. இப்ப சீலு போச்சு. கொடிய எடுத்துட்டேன்."

அப்போதுதான் அந்தக் கொடியை நிமிர்ந்து பார்த்தேன். பிரசிடென்டின் கட்சி. நான் ஓணமேடையில் குழியில் தள்ளிய தலைவரின் கட்சி.

"அப்ப... அந்த மிமிக்ரி..."

நிஷ்பட்சம் சார் நின்றார். பின்வரிசை எங்கள்மேல் வந்து மோதியது.

"கேவலம்வே! அவரு பேச்சக் கேட்டு வளந்தவன் நான். நீரு அந்தக் கொரலப் பிடிச்சு, அவரக் குழியில தள்ளி, எல்லாவனும் கைகொட்டிச் சிரிச்சு... எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. விசாரணை அன்னைக்கும் எறங்கல. உம்ம மூஞ்சில முழிக்கப் பிடிக்காமதான் கொடைய விரிச்சுட்டுப் போனேன்."

"அப்புறம் எதுக்கு என்னையக் காப்பாத்துனிய?"

"உம்ம யாருவே காப்பாத்துனா?" கொடிக்கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "எனக்குச் சோறு எறங்கலன்னா உம்ம கடைய அடைக்கணும்னு சட்டத்துல எங்க இருக்கு? காட்டும் பாப்பம்!"

அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை. ஓடிப்போய் முதல் வரிசையில் தம் இடத்தைப் பிடித்துக்கொண்டார். கோஷம் மறுபடி கிளம்பியது. போக்குவரத்துப் போலீஸ்காரர் வந்து தோளைத் தட்டும்வரை நான் ரோட்டின் நடுவில் நின்றிருக்கிறேன்.

அது எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

மழைக்காலம் முடிந்து, அடுத்த ஓணம் நெருங்கும் சமயம் கண் சோதிக்கக் கடைக்கு வந்தார். பழைய கோபமெல்லாம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, "இந்த ஓணத்துக்கு யாரக் குழியில தள்ளப்போறீரு?" என்றுதான் உள்ளே நுழைந்தார். அடுத்த கட்சித் தலைவர்தான் என்றேன். "தள்ளும், தள்ளும்" என்றார் மிக உற்சாகமாக. நாற்காலியில் உட்காரவைத்தேன். எல்லாம் பார்த்து முடித்துக் கடைசிக் கட்டம். பலகையைப் போட்டேன்.

"அண்ணாச்சி, செவப்பு தெளிவா, பச்சை தெளிவா?"

அவருடைய வழக்கமான பதிலை நானே பாதி எழுதிவிட்டேன். அவர் பலகையைக் கூர்ந்து பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாக ஒரு நிறத்தைச் சொன்னார்.

அது அவருடைய கொடியின் நிறம் இல்லை.

"வெளிய சொல்லிராதயும்" என்றார்.

"மத்த வருஷமெல்லாம் ரெண்டும் ஒண்ணுபோலன்னு சொன்னியளே?"

"வேலையில இருந்தேம்லா" என்றார்.

லென்ஸை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கால் பவர் வித்தியாசம். அது நேற்று வந்ததில்லை. இத்தனை வருஷமும் மனிதர் எங்களையெல்லாம் கொஞ்சம் மங்கலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.